கண் கூசாத வெளி விளக்கு: வாசலுக்கும் பார்க்கிங்குக்கும் பார்த்து வாங்குவது எப்படி

எங்கள் குடியிருப்பில் ஒரே வாரத்தில் மூன்று பைக்குகளில் பெட்ரோல் திருடு போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஆளாளுக்குச் சத்தம் போட்டுவிட்டு, "நல்ல பவர்ஃபுல் லைட்டா ரெண்டு போட்டுடுங்க" என்று முடிவானது. வாங்கப் போனவன் நான்தான். கடைக்காரர் எடுத்து வைத்ததில் பெரியதாகப் பார்த்து 100 வாட்ஸ் ஃப்ளட் லைட் இரண்டு வாங்கினேன், பளீரென்ற வெள்ளை. பார்க்கிங்கின் இரண்டு மூலையிலும் மாட்டி, வெளிச்சம் தூரமாகப் போகட்டும் என்று அதன் முகத்தை நன்றாகத் தூக்கி வைக்கவும் சொன்னேன். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நான்காம் நாள் எதிர்வீட்டு அக்கா வந்தார். "தம்பி, உங்க லைட்டுல எங்க பெட்ரூம் சுவத்துல ஜன்னல் கம்பிய எண்ணலாம் போல இருக்கு" என்றார். அடுத்த வாரம் முதல் மாடிப் பெரியவர் காரிலிருந்து இறங்கி நடந்து வரும்போது சரிவுப்பாதையின் ஓரம் தெரியாமல் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு வெளிச்சத்தில்! பெட்ரோலும் இன்னொரு தடவை போனது. கேமராவை ஓட்டிப் பார்த்தால் வெள்ளைப் புகை மாதிரி ஒரு உருவம் குனிகிறது, நிமிர்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் மூன்று மாதம் இதையே படித்து, ஏணியில் ஏறி இறங்கி, அந்த 200 வாட்ஸைக் கழற்றிவிட்டு 60 வாட்ஸில் வேலையை முடித்தேன். இப்போது முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். தனி வீட்டு வாசலோ, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கோ, மண்டபத்து மைதானமோ, கணக்கு ஒன்றுதான்.

முதல் வேலை: இருட்டில் ஒரு நடை

கடைக்குப் போகும் முன், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு நோட்டோடு உங்கள் இடத்தைச் சுற்றி வாருங்கள். எங்கே எது தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். "வெளிச்சம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், பூட்டு, மூன்றாவது படியின் விளிம்பு, சாக்கடை மூடி, மோட்டார் சுவிட்ச், கேட்டுக்கு வெளியே நிற்பவரின் முகம் என்று பொருள் பொருளாக எழுதுங்கள். பக்கத்திலேயே, அது எத்தனை மணி வரை தெரிய வேண்டும் என்பதையும் குறியுங்கள். எங்கள் பட்டியலில் கடைசியில் பதினோரு இடங்கள்தான் தேறின. தென்னை மர உச்சியும் எதிர்வீட்டு அக்காவின் பெட்ரூமும் அதில் இல்லை, ஆனால் நான் மாட்டிய ஃப்ளட் லைட் பெரும்பாலும் அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தது.

அதே நடையில் இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். இப்போது இருக்கும் விளக்கைப் பார்த்தபடி நின்று, உள்ளங்கையால் அந்த விளக்கை மட்டும் மறையுங்கள், வெயிலில் கண்ணுக்குக் கை கொடுப்பது போல. மறைத்ததும் அதன் பின்னாலும் கீழேயும் உள்ளவை முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றனவா? தெரிந்தால், அந்த விளக்கு உங்களுக்கு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். கண்ணுக்குள் நேராக வரும் வெளிச்சம் விழிக்குள்ளேயே சிதறி, பார்ப்பவை எல்லாவற்றின் மீதும் ஒரு வெள்ளைத் திரை போட்டது போல ஆகிவிடுகிறது. போதாததற்குக் கண் அந்தப் பிரகாசத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் நிழலில் இருப்பது இன்னும் கறுப்பாகிவிடும். மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வயது ஏற ஏற விழிலென்ஸ் மங்குவதால் இந்தச் சிதறல் கூடும், கண்புரை ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் மோசம். எங்கள் பெரியவர் தடுமாறியதற்கு இருட்டு காரணமில்லை, நான் மாட்டிய வெளிச்சம்தான் காரணம்.

இரண்டாவது: எவ்வளவு வெளிச்சம் என்று கணக்குப் போடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள், காசு மிச்சமாகிற இடம் இது.

வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் மின்சாரம், வெளிச்சத்தின் அளவு அல்ல. வெளிவரும் மொத்த வெளிச்சம் லூமென். அது ஒரு பரப்பில் விழும் அடர்த்தி லக்ஸ்: ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். இன்றைய சாதாரண எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும், ஆக நம் வீட்டு 9 வாட்ஸ் பல்ப் கிட்டத்தட்ட 900 லூமென். 100 வாட்ஸ் ஃப்ளட் லைட் என்றால் அப்படிப்பட்ட பல்ப் பதினொன்றை ஒரே சின்னக் கண்ணாடிக்குள் திணித்தது போல.

எவ்வளவு லக்ஸ் போதும்? பௌர்ணமி நிலா உச்சியில் இருக்கும்போதுகூட தரையில் விழுவது அதிகபட்சம் சுமார் 0.3 லக்ஸ். மொட்டை மாடியில் பாட்டி உருட்டிக் கொடுக்க நிலாச்சோறு சாப்பிட்டோமே, அந்த வெளிச்சம் இவ்வளவுதான். யாரும் சோற்றை மூக்கில் வைத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டின் தெருவிளக்குத் தர விதி ஐஎஸ் 1944, முக்கியச் சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ் என்று சொல்லிவிட்டு, போக்குவரத்து குறைந்த துணைத் தெருக்களுக்கு 4 லக்ஸ் போதும் என்கிறது. தெருவுக்கே 4 என்றால் நம் வாசலுக்கு எதற்கு 80? நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: நடைபாதைக்கு 2 முதல் 5, பார்க்கிங்குக்கு 5 முதல் 10, படிக்கட்டுக்கு 10 முதல் 20, பூட்டுத் திறக்கும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட.

சரி, கணக்கு. எங்கள் பார்க்கிங் 20 மீட்டருக்கு 15, அதாவது 300 சதுர மீட்டர். 8 லக்ஸ் வேண்டுமென்றால் தரையில் 2400 லூமென் விழ வேண்டும். விளக்கிலிருந்து புறப்படும் எல்லாமே வேண்டிய இடத்தில் விழாது, பாதி விழுகிறது என்று வையுங்கள். தூசியும் வயதும் சேர்ந்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும். ஆக 2400-ஐ 0.5-ஆலும் 0.8-ஆலும் வகுத்தால் 6000 லூமென், அதாவது 60 வாட்ஸ். அதை ஒரே விளக்காகப் போடாமல் 15 வாட்ஸாக நான்கு இடத்தில் பிரித்தோம். தனி வீட்டில் 3 மீட்டர் அகலம் 10 மீட்டர் நீளக் கார் பாதைக்கு 5 லக்ஸ் என்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 375 லூமென் வரும். நாலு வாட்ஸ்! அந்த இடத்தில் 50 வாட்ஸ் ஃப்ளட் லைட் எரியும் வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

பிரித்துப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓரிடத்தில் 60 லக்ஸும் பத்தடி தள்ளி அரை லக்ஸும் இருந்தால் கண்ணுக்கு அந்த அரை லக்ஸ் இடம் கும்மிருட்டு, திருடனுக்கு அதுதான் வசதி. எல்லா இடத்திலும் 5 லக்ஸ் பரவலாக இருந்தால் ஒளிய இடமில்லை.

மூன்றாவது: விளக்குக் கூட்டின் வடிவம்

ஒன்றை மட்டும்தான் கவனிக்க முடியும் என்றால் இதைக் கவனியுங்கள், நிறம், சென்சார் எல்லாம் அப்புறம்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மாட்டிய பிறகு, கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆளுக்கு உள்ளே எரியும் எல்இடி புள்ளிகளோ பல்போ நேராகக் கண்ணில் படுமா? படக் கூடாது. தரைதான் பளிச்சென்று தெரிய வேண்டும். கிடைமட்டக் கோட்டுக்கு மேலே ஒரு துளி வெளிச்சமும் போகாத கூட்டை முழு மறைப்புக் கூடு என்று சொல்லலாம், தொப்பி போட்ட விளக்கு என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வார்.

கேட் தூணில் வைக்கும் உருண்டை விளக்குதான் நம் ஊரில் முதல் குற்றவாளி. பழைய குண்டு பல்ப் காலத்தில்கூட அது பாதி வெளிச்சத்தை வானத்துக்குத்தான் அனுப்பியது. இப்போது அதற்குள் எல்இடி பல்ப் போடுகிறோம். எல்இடி பல்பின் கீழ்ப்பாதி வெறும் சூடு தணிக்கும் பிளாஸ்டிக் உடம்பு, வெளிச்சம் வருவது தலைப்பக்கத்தில் மட்டும். உருண்டைக்குள் ஹோல்டர் கீழே இருப்பதால் பல்ப் தலையைத் தூக்கி நிற்கிறது, பெரும்பாலான வெளிச்சம் மேலே போகிறது, தூணின் காலடியில் இருட்டு. விளக்கின் அடியில் இருட்டு என்ற பழமொழியை இதற்காகவே சொல்லி வைத்தார்கள் போல. அழகுக்காக வைத்தே ஆக வேண்டுமென்றால் 2, 3 வாட்ஸ் மஞ்சள் பல்ப் போடுங்கள், வெளிச்சத்துக்கு வேறு விளக்கு வையுங்கள்.

அடுத்தது புது வீடுகளில் எல்லாம் இருக்கிற, மேலும் கீழும் வெளிச்சம் அடிக்கும் சுவர் விளக்கு. கீழ்ப்பக்கம் உபயோகம். மேல்பக்கம் சன்ஷேடில் தடுக்கப்பட்டால் பரவாயில்லை, இல்லையென்றால் நேராக வானம்தான். கீழே மட்டும் அடிக்கும் ரகமும் அதே தோற்றத்தில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பால் நிறக் கண்ணாடி போட்ட வட்ட பல்க்ஹெட் விளக்கை சுவரில் மாட்டினால் முன்னால் இருப்பவர் கண்ணுக்கு நேராக அடிக்கும், அதையே போர்டிகோவின் கூரையில் கீழ்நோக்கி மாட்டினால் நல்ல விளக்கு. ஒரே பொருள்தான், மாட்டும் இடத்தில் குணம் மாறிவிடுகிறது. சன்ஷேடுக்குக் கீழே ஒளிந்திருக்கும் சாதாரண டவுன்லைட்டுக்கு நிகராக வீட்டு வாசலுக்கு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

இனி ஃப்ளட் லைட். பெரும்பாலானவை 120 டிகிரிக்கு விரிந்து அடிக்கும், அதாவது நடுக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 60 டிகிரி. கண்ணாடி நேராகத் தரையைப் பார்த்தபடி இருந்தால் பெரும்பகுதி வெளிச்சத்தின் விளிம்பு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி கீழேயே நின்றுவிடும். முகத்தை 30 டிகிரி தூக்கினால் விளிம்பு கிடைமட்டத்தைத் தொடும். அதற்கு மேல் தூக்கும் ஒவ்வொரு டிகிரியும் எதிர்வீட்டு மாடிக்கும் ஆகாயத்துக்கும் நீங்கள் கட்டும் கரண்ட் பில். நான் தூக்கச் சொன்னது 60 டிகிரி இருக்கும். தூரம் அடிக்க வேண்டிய மைதானம், கிடங்கு முற்றம் போன்ற இடங்களுக்கு, கண்ணாடியைத் தரைக்கு இணையாக வைத்தபடியே வெளிச்சத்தை முன்பக்கம் தள்ளும் ஒருபக்கச் சாய்வு ஃப்ளட் லைட் என்று தனி ரகம் உண்டு, கொஞ்சம் விலை கூட. மற்றபடி வீட்டுக்கும் குடியிருப்புக்கும் ஃப்ளட் லைட்டே தேவையில்லை என்பது என் கட்சி. அதே காசில் சின்ன ஸ்ட்ரீட் லைட் கூடு வாங்கி, முகம் தரையைப் பார்க்கும்படி மட்டமாகப் பிடித்து மாட்டலாம். நாங்கள் போட்ட நான்கும் அவைதான். வாங்கும்போது முகப்பு தட்டையான கண்ணாடியா என்று பாருங்கள், கிண்ணம் போல் கீழே தொங்கும் கண்ணாடி பக்கவாட்டில் கண்ணைக் குத்தும்.

பெரிய வளாகத்துக்கு டெண்டர் விடுபவர்கள் விளக்கின் பியுஜி மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். விளக்குக்குப் பின்பக்கம், மேல்பக்கம், கண் கூசும் கோணம் இந்த மூன்றிலும் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்பதற்கு ஆளுக்கொரு எண் போட்டிருப்பார்கள். நடுவிலுள்ள யு, அதாவது மேல்பக்கக் கசிவு, பூஜ்யமாக இருக்க வேண்டும், அதில் பேரம் வேண்டாம்.

நான்காவது: நிறம்

பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, கடைகளில் கூல் டேலைட் என்பது. 4000 நடுத்தரம். 3000, 2700 மஞ்சள் கலந்தது, வார்ம் ஒயிட். வெளியே போட 3000-க்கு மேல் போகாதீர்கள், 2700 இருந்தால் நல்லது, அதற்கும் கீழே 2200 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது? காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால். ராத்திரியில் நம் விளக்கின் நீலத்துக்கும் அதே கதிதான். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்மாறாக இந்தச் சிதறல் மாறுவதால், 450 நானோமீட்டர் நீலம் 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. ராத்திரி தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் கெடுப்பதிலும் நீலம்தான் முன்னணி. தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மிகாமல் இருக்கட்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் 2016-லேயே சொன்னது. 2016-ல் வந்த உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கள் ஊரிலிருந்து பால்வெளி மண்டலத்தைப் பார்க்க முடியாது.

இதெல்லாம் வேண்டாம், பூச்சிக் கணக்கு ஒன்று போதும் என்பவர்களுக்கு: முதல் மழை பெய்த மறுநாள் 6500 கெல்வின் விளக்கடியில் ஈசல் எப்படிக் குவிகிறது, அதைத் தின்னப் பல்லி எப்படி வரிசை கட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் விளக்குக்கு மாறினால் அது கண்ணெதிரே குறையும். "மஞ்சள்னா மங்கலா இருக்குமே" என்று கூட்டத்தில் கேட்பார்கள். லூமென் ஒன்றாக இருந்தால் தரையில் விழும் அளவும் ஒன்றுதான், பழக நாலு நாள் ஆகும். நிறங்களைப் பிரித்துக் காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 70-க்கு மேல் இருந்தால், சிவப்புச் சட்டைக்காரனா நீலச் சட்டைக்காரனா என்பதும் தெரியும்.

ஐந்தாவது: உயரமும் இடமும்

விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் ரொம்ப உயரத்தில் வைத்து வாட்ஸைக் கூட்டுவது வீண், ரொம்பத் தாழ்த்தினால் கண்ணுக்கு நேரே வரும். வாசல் விளக்குக்கு 2.5 முதல் 3 மீட்டர், பார்க்கிங்குக்கு 3.5 முதல் 4.5 மீட்டர் சரியாக வரும். தரையைப் பார்க்கும் சாதாரண விளக்குகளுக்கு நடுவே உயரத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு இடைவெளி விட்டால் வெளிச்சம் விட்டு விட்டு விழாது. லென்ஸ் வைத்த ஸ்ட்ரீட் லைட் பக்கவாட்டில் நீட்டி அடிப்பதால் மூன்று, நான்கு மடங்கு வரை போகலாம். நடைபாதை ஓரம் முழங்கால் உயரக் குட்டித் தூண் விளக்கு வைப்பவர்கள், தலையில் தொப்பியும் உள்ளே சாய்ந்த தடுப்புத் தகடுகளும் உள்ளதாகப் பாருங்கள், சுற்றிலும் வெறும் கண்ணாடி உள்ளதை வாங்கினால் நடக்கும்போது பத்து டார்ச் ஒன்றாக முகத்தில் அடித்தது போல இருக்கும்.

எல்லை ஓரத்தில் மாட்டும்போது விளக்கு உங்கள் இடத்தின் உள்பக்கம் பார்க்கட்டும், அதன் முதுகுப் பக்கம் பக்கத்து வீடு இருக்கட்டும். கேமரா இருந்தால் அதற்கு எதிரே விளக்கு வரக் கூடாது. கேமராவுக்கு மேலேயோ பின்னாலேயோ இருந்து, கேமரா பார்க்கும் அதே திசையில் அடிக்க வேண்டும். எங்கள் "வெள்ளைப் புகை" திருடன் உருவானது இந்தத் தவறில்தான்.

ஆறாவது: எப்போது எரிய வேண்டும்

யாருமே இல்லாத இடத்துக்கு இரவு முழுக்க எதற்கு வெளிச்சம்? பழைய சோடியம் விளக்கு சூடேறி முழுதாக எரியவே சில நிமிடம் எடுக்கும், அதனால் அணைக்க யோசித்தோம். எல்இடி தட்டினதும் எரியும். எனவே சாயங்காலம் தானாக எரிய டே-நைட் சென்சார், பதினொன்றுக்கு மேல் அணைக்கவோ மங்கலாக்கவோ டைமர், பின்பக்கம், மோட்டார் ரூம், குப்பைத் தொட்டி போன்ற இடங்களுக்கு அசைவு சென்சார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருட்டாக இருந்த இடத்தில் திடீரென்று விளக்கு எரிந்தால் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். ராத்திரி முழுக்க எரிவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அசைவு சென்சாரில் இரண்டு ரகம். பிஐஆர் என்பது உடல் சூட்டின் நகர்வைப் பிடிக்கும், எட்டுவது பெரும்பாலும் ஆறேழு மீட்டர். நேராக அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், அதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். ஏசியின் வெளி யூனிட்டுக்கு எதிரே வைக்காதீர்கள். கத்திரி வெயில் காலத்தில் சுவரும் காற்றும் உடல் சூட்டை நெருங்கிவிடுவதால் அது கொஞ்சம் மந்தமாகும், கோளாறு என்று கழற்றிவிட வேண்டாம். இன்னொன்று மைக்ரோவேவ் ரகம். அது மெல்லிய சுவரையும் தாண்டிப் பார்க்கும், வாழை இலை ஆடினாலும் எரியும், வெளியே அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டே-நைட் சென்சார் மேல் அதே விளக்கின் வெளிச்சம் விழாதபடி வையுங்கள், விழுந்தால் விடிந்துவிட்டது என்று அணைந்து, மறுபடி எரிந்து, ராத்திரி முழுக்கக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஏழாவது: கடையில் பெட்டியைத் திருப்புவது

லூமென், கெல்வின், விரியும் கோணம் மூன்றும் அச்சிட்டிருக்கிறதா? வெறும் வாட்ஸ் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். சோலார் விளக்குகளில் இந்த ஏமாற்று அதிகம். உள்ளங்கை அளவு பேனலை வைத்துக்கொண்டு பெட்டியில் 200 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள், நிறமும் பெரும்பாலும் 6500-தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-ன் பதிவு எண் இருக்க வேண்டும். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண், மழையில் நனையும் இடத்துக்கு 65 அல்லது 66 இருக்கட்டும். ஆனால் தண்ணீர் நுழைவது கூட்டின் வழியாக இல்லை, வயர் நுழையும் ஓட்டை வழியாகத்தான், அதனால் அந்த ஓட்டையை அடைக்கும் கிளாண்டை இறுக்கி, வயரை விளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டு வரச் சொல்லுங்கள். இரும்பு, அலுமினியக் கூட்டுக்கு எர்த் கட்டாயம், வெளி விளக்கு லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். மழைநாளில் குழந்தைகள் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும்.

"முதலில் ஒன்று மட்டும் எடுத்துப் போறேன், ராத்திரி போட்டுப் பார்த்துட்டு மிச்சத்த வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிக் கடைக்காரர்கள் சரி என்பார்கள். கடைக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எரிய வைத்துப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏற்கெனவே மாட்டியதை என்ன செய்வது

தூக்கிப் போட வேண்டாம். முதலில் முகத்தைத் தாழ்த்துங்கள், காசே ஆகாது, பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம் பல்பின் வாட்ஸைக் குறைத்து மஞ்சளுக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் கசிகிறது என்றால் மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து ஓரத்தில் தொப்பி போல் திருகி விடலாம், உள்பக்கம் மங்கல் கறுப்பு அடித்தால் எதிரொளி வராது. ஆனால் ஃப்ளட் லைட்டின் முதுகிலுள்ள வரிவரியான பகுதியை மூடிவிடாதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் போய்விடும். நான் கழற்றிய இரண்டில் ஒன்று இப்போது மொட்டை மாடித் தொட்டி கழுவும் அன்று மட்டும் எரிகிறது.

உங்கள் ஜன்னலில் அடிப்பது தெருவிளக்கு என்றால் கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளாட்சியில் புகார் கொடுங்கள், சென்னையில் 1913. "லைட் தொந்தரவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் கழற்றச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள், தெருவே எதிர்க்கும். கூட்டை மட்டமாக்கி, வீட்டுப் பக்கத்துக்கு ஒரு மறைப்புத் தகடு போடச் சொல்லிக் கேளுங்கள்.

கடற்கரையிலும் மலையடிவாரத்திலும் இருப்பவர்களுக்கு

இங்கே விதி இன்னும் கறார். ஜனவரி பிறந்தால் பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் அடிவானம் வெளுத்திருக்கிறதோ அதுதான் கடல் என்று ஓடும். இயற்கையில் அது சரி. கரையோர வீட்டு ஃப்ளட் லைட் கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சு ரோட்டுக்கு வந்துவிடும். 1988-லிருந்து மாணவர் கடலாமைக் காப்பு அமைப்பினர் ராத்திரி ராத்திரியாக அந்தக் கரையில் நடந்து முட்டைகளைப் பொறிப்பகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடல் பார்த்த விளக்குகளை மே வரை அணைத்து வையுங்கள், முடியாவிட்டால் தாழ்வாக, மறைப்போடு, 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆம்பர் நிறத்தில் போடுங்கள். அது சாதாரண வார்ம் ஒயிட் அல்ல, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மரம் மரமாக ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளுக்கும் இதே கதைதான், அவை ஜோடி தேடுவதே அந்த மினுக்கில். அப்புறம் ஜவ்வாது மலை. அங்குள்ள காவலூர் வானாய்வகத்தில் 1968-லிருந்து தொலைநோக்கி இயங்குகிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது, ராமானுஜன் பெயர் சூட்டிய 4130 எண் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ரிசார்ட்டோ பண்ணை வீடோ கட்டுபவர்கள், மேல்நோக்கி அடிக்கும் ஒரு விளக்கும் வேண்டாம் என்று ஆர்க்கிடெக்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். லடாக்கின் ஹன்லேயில் 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்த பிறகு, இருட்டைப் பார்க்கவே ஆட்கள் பயணம் போகிறார்கள்.

கடைசியில்: மாட்டிய அன்று ராத்திரி

எலக்ட்ரீஷியன் பகலில் மாட்டிவிட்டுப் போவார். போல்ட்டை முழுக்க இறுக்க வேண்டாம் என்று சொல்லி, இருட்டிய பிறகு அரை மணி நேரம் வரச் சொல்லுங்கள், அதற்கு ஒரு நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். அவர் ஏணியில் இருக்க, நீங்கள் கேட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு வாசல், எதிர்வீட்டு மாடி, கார் உள்ளே திரும்பும் இடம் என்று நாலு இடத்திலும் நின்று கை மறைப்புச் சோதனையைச் செய்யுங்கள். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுத் தரையில் வைத்தும் பார்க்கலாம். சென்சார் திரைப் பக்கம் இருப்பதால் திரை மேலே பார்க்கட்டும், குறைந்த வெளிச்சத்தில் எண் அப்படி இப்படி இருக்கும், ஓரிடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எதிர்வீட்டு அக்காவையே அவர் பெட்ரூம் ஜன்னலில் நிற்க வைத்து, போனில் பேசியபடி நான்காவது விளக்கைச் சரி செய்தோம். "இன்னும் கொஞ்சம் கீழ... இன்னும்... ஆங், போதும் தம்பி, இப்ப சுவத்துல ஒண்ணும் இல்ல." அதன் பிறகுதான் போல்ட்டை இறுக்கினார்.